6144

எண் அடிக்கும் பெட்டியில்
பத்து இலக்கத்துக்கு ஒன்பது உளிதான்.
ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது.
சொல்லிவிட்டுச் சுத்தியலை என் வலது கையில் வைத்தார் சுக்ரி.
நான் இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

அதுவரை நான் கூட்டிப் பெருக்குகிறவள்.
எண் அடிப்பவன் சீனப் பெருநாளுக்குப் போய்த் திரும்பவில்லை.
எண்ணில்லாத லோரி வாசலைத் தாண்டாது.
யாருக்குக் கை நடுங்காது என்று கேட்டார்கள்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன்.

பிறை தொழிற்பேட்டை, செலாடாங் லோரித் தொழிற்சாலை.
முகப்பில் காட்டெருதின் தலை. பத்துச் சக்கரம். இருபது டன்.
என்ஜின் மட்டும் கப்பலில் வரும்,
மற்றதெல்லாம் நம் வியர்வை என்பார் தவுக்கே ஊய்.
அவருக்கும் வியர்க்கும், அதையும் சொல்லவேண்டும்.

0871 பாலத்துக்குக் கல் சுமந்தது.
1905 குவா மூசாங்கில் மரத்தோடு ஆற்றில் இறங்கியது.
பிழைத்த ஓட்டுநர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து
எண் அடித்தவர் யார் என்று கேட்டார்.
2044 அடிக்கையில் நான்காம் உளியின் கால் தெறித்தது.
புதுசு வாங்கித் தருகிறோம் என்றார்கள், வாங்கவில்லை.
அதன்பின் எங்கள் நான்குகள் எல்லாம் நொண்டி.
3330, ஒரே உளி மூன்று முறை.
அன்று நாளுக்கு மூன்று லோரி, இரவுப் பணி,
கேன்டீனில் ஆட்டெலும்பு சூப்பு, நான்கு மாத போனஸ்.

அப்புறம் தவுக்கே சொன்னார்:
என்ஜினையும் நாமே செய்வோம்.
பதினொரு பிளாக் வார்த்தார்கள். ஒன்பது வெடித்தன.
மீதி இரண்டும் ஓடின,
தைப்பிங் வரைக்கும்.
ஜப்பானில் பத்து வருடம் உழைத்த லோரிகள்
கழுவிய முகத்தோடு கப்பலிறங்கிப் பாதி விலைக்கு நின்றன.
பிறகு வெள்ளி விழுந்தது.
பசியாறும்போது ஒரு விலை, மதியச் சோற்றுக்குப் பின் வேறு விலை.
துறைமுகத்தில் கிடந்த என்ஜின்களை மீட்கப் பணமில்லை.
முற்றத்தில் நாற்பது லோரிகள் மழைக்கு வாய் திறந்து நின்றன.
ஒன்றில் மைனா குஞ்சு பொரித்தது.

6142க்கும் 6143க்கும் நடுவில் மூன்று வாரம்.

கடைசி நாள் தவுக்கே வாசலில் நின்று
மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்டார்.
தமிழில் அது நன்றி என்று வந்துவிட்டது.
எட்டு மாதச் சேமநிதி கட்டியிருக்கவில்லை.
ஆனாலும் யாரும் அவரைத் திருத்தவில்லை.
ஏலத்தில் எல்லாம் கிலோ கணக்கில் போனது,
என் பெட்டியும்.

பன்னிரண்டு வருடம் கழித்து பட்டர்வொர்த் நீதிமன்றம்.
சாட்சி மங்களேஸ்வரி த/பெ குப்பாண்டி, முன்னாள் ஊழியர்.
களவு லோரி, போலி எண் என்றார்கள்.
பெரிதாக்கிய படத்தை என் முன்னால் வைத்தார்கள்.
6144.

நாங்கள் அடிக்காத எண்.
நான்கும் நான்கும், இரண்டும் நொண்டி.
என் உளி.
ஒரு கணம் எனக்குள் காலைப் பணிச் சங்கு ஊதியது:
எங்கோ ஒரு கொட்டகையில், திருடன்தான் என்றாலும்,
எங்களுக்கு அடுத்ததை ஒருவன் அடித்திருக்கிறான்.

உளி உங்களுடையது என்கிறீர்கள்,
எண் மட்டும் எப்படிப் பொய் என்றார் வக்கீல்.
ஆவணம் இருக்கிறதா?
பதிவேட்டைக் கரையான் தின்றது. தவுக்கே போய்ச் சேர்ந்தார்.
கையைத் தூக்கிக் காட்டினேன், இடது கையை.
என் எண்கள் சாயும் ஐயா.
இவை நிமிர்ந்து நிற்கின்றன.

வெளியே சாட்சிப்பொருளாக வெயிலில் நின்றது லோரி,
காட்டெருதுக்குப் புதுச் சிவப்பு.
காவலர் தேத்தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.
குனிந்து சட்டத்தைத் தடவினேன். லோரிக்கும் அதற்குப் பெயர் சட்டம்தான்.
கடைசி நான்கில் விரலை வைத்துப் பார்த்தேன்.

ஆழம் போதவில்லை.
இன்னும் ஓர் அடி போட்டிருக்கலாம்.