ஆரஞ்சு வரும்வரை

ஏழு பேர். ஏழும் நூற்றிருபத்தைந்து சிசி.
லானிட்லோஸ் பெட்ரோல் பங்கில், காற்றடிக்கும் மூலையில்
வரிசையாக நின்றோம்.
ஒவ்வொரு வண்டியின் பின்புறமும்
வெள்ளைத் தகட்டில் சிவப்பாக ஓர் எழுத்து.
ஆறு பேருக்கு ஆங்கில எல்,
எனக்கு மட்டும் வேல்ஷ் டி.
இரண்டும் சொல்வது ஒன்றுதான்:
தள்ளி வா, இதற்கு இன்னும் ஓட்ட வராது.

முன்னால் தெக்வென். வார நாட்களில் குழாய் பழுது பார்ப்பவள்,
எதையும் இரண்டு முறை இறுக்கிப் பார்ப்பவள்.
வாலில் இட்வால், ஆரஞ்சு மேல்சட்டை.
விதி ஒன்றே ஒன்று என்றாள் தெக்வென்.
திருப்பம் வந்தால் எனக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே நிற்கணும்.
மற்றவர்களுக்குக் கை காட்டணும்.
ஆரஞ்சைப் பார்க்கிறவரை அசையக் கூடாது.
மழை வந்தாலும்.
மூத்திரம் வந்தாலும்.

கிளம்பினோம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.
மாக்ஸெனின் வண்டி வாசலிலேயே இரண்டு முறை அணைந்தது.
கசாப்புக்கடை க்ளின்
நான்கு மைல் தூரம் இடது இண்டிகேட்டரை அணைக்கவே இல்லை.
அவரை நம்பியிருந்தால்
அத்தனை பேரும் அணைக்கட்டுத் தண்ணீரில் கிடந்திருப்போம்.

ஸ்டேலிட்டில் என்று ஓர் ஊர்.
கொஞ்சம் தங்கிவிட்டுப் போ என்று
பெயரிலேயே சொல்லும்.
அதைத் தாண்டி
மலைச்சாலை இடப்புறம் பிரிகிற இடத்தில்
தெக்வென் தரையைச் சுட்டினாள்.
நான்தான்.

ஸ்டாண்ட் புல்லுக்குள் இறங்கியது.
தட்டைக் கல் ஒன்று தேடி அடியில் வைத்தேன்.
இடது கையை நீட்டினேன்.
ஐந்து பேர் கடந்தார்கள்.
க்ளின் இப்போது சரியாகவே இண்டிகேட்டர் போட்டார்,
போட்டதில் எனக்கு ஒரு பெருமை.

அப்புறம் யாரும் வரவில்லை.

பத்து நிமிடம்.
செம்மறி ஒன்று வேலிக்கு அந்தப்புறம் வந்து நின்று
மென்றுகொண்டே என்னைப் பார்த்தது.
இருபது.
தூறல் சாய்ந்து விழத் தொடங்கியது.
போனில் கோடு ஒன்றுகூட இல்லை.
கார் ஒன்று வேகம் குறைத்து
என் கை காட்டிய பக்கம் திரும்பிப் போயிற்று,
கேள்வி கேட்காமல்,
பலகையைப் பார்த்துத் திரும்புகிற மாதிரி.

லைசென்ஸ் தேர்வில் இருமுறை தோற்றவள் நான்.
இரண்டாவது தாளில் தேர்வாளர் எழுதியிருந்தார்:
சந்திப்புகளில்
தேவைக்கு மேல் காத்திருக்கிறார்.

அதை நினைத்துச் சிரித்தேன்.
ஹெல்மெட்டுக்குள் சிரித்தால்
கண்ணாடிதான் மூடுபனியாகிறது.

முப்பது நிமிடம்.
வேறு வழியாகப் போயிருப்பார்களோ.
திரும்பிப் போய்ப் பார்க்கலாமோ.
போனால், அந்த நேரம் அவர்கள் வந்தால்,
இந்த முனையில் வெறும் கல்தான் இருக்கும்.
கையை இறக்கிப் பார்த்தேன்.
இறக்கியதும் ஏதோ தப்புச் செய்தது போல இருந்தது.
மறுபடி நீட்டினேன்,
யாருமில்லாத சாலைக்கு.

முதலில் சத்தம். ஒன்று சீராக, ஒன்று இருமியபடி.
மாக்ஸென்.
தோள்வரை சேறு, வளைந்த பிரேக் லீவர்,
இடது கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் கம்பி.
என் முகத்தை அவன் பார்க்கவில்லை.
கையைப் பார்த்தான்.
இண்டிகேட்டர் போட்டான். தோளைத் திருப்பிப் பார்த்தான்.
திரும்பினான்,
பாடத்தில் சொன்னபடியே,
அப்படியொரு திருப்பத்தை அன்று வேறு யாரும் எடுக்கவில்லை.

பின்னால் ஆரஞ்சு.

இட்வால் பக்கத்தில் நிறுத்தி ஒரு காலை ஊன்றினான்.
"சரளையில் போட்டுட்டான். ஆள் முழுசா இருக்கான்."
பிறகு, "நீ போயிருப்பேன்னு நெனச்சேன், மெரெரிட்."

பதில் சொல்ல வாய் வரவில்லை.
இடது கைதான் க்ளட்ச் பிடிக்கிற கை.
அது இன்னும் மக்கன்லெத்தைக் காட்டிக்கொண்டே
மரத்துப் போயிருந்தது.
விரல்களை ஒவ்வொன்றாக லீவருக்கு எடுத்து வந்தேன்.
வண்டி அணைந்தது.
மறுபடி அணைந்தது.
இட்வால் ஹாரன் அடிக்கவில்லை,
மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.