முப்பத்தி நாலாம் கதவு

இந்த ஊர் எனக்குக் கைகளாகத்தான் பழக்கம்.
முகங்கள் சுவருக்கு அந்தப் பக்கம்.

அறுபது சின்னக் கண்ணாடிக் கதவுகள்,
ஒவ்வொன்றுக்கும் உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு வீடு,
மஞ்சள் விளக்கு, கொஞ்சம் சூடு,
ஒற்றைக் குடித்தனக்காரர்:
குரோக்கெட்.
காசு விழும். தாழ் விலகும்.
ஒரு கை நுழைந்து அவரைக் காலி செய்யும்.
பின்கதவு வழியாக
அடுத்தவரைக் குடிவைப்பது என் வேலை.
சட்டையில் சிட்ஸ்கே என்று பெயர்ப்பட்டை குத்தியிருக்கிறார்கள்,
யார் படிக்க?

மாலை ஐந்துக்கு நனைந்த கைகள் வரும்.
சைக்கிள் பிடியை விட்ட பிறகும்
பிடித்தபடியே வளைந்திருக்கும்.
ஏழுக்கு எட்டாத ஒரு பிஞ்சுக் கை,
அதைத் தூக்கிப் பிடித்த இன்னொரு கையின் மோதிரம்
கண்ணாடியில் டொக்கென்று இடிக்கும்.
நள்ளிரவுக்குப் பிறகு
எந்தக் கை யாருடையது என்று
கைகளுக்கே தெரியாது.
ஒருமுறை ஒரு குடிகாரன்
வாய் வைத்து உள்ளே சொன்னான்: "நன்றி."
"பரவாயில்லை" என்றேன்.
அவன் அலறிய அலறல்
கால்வாய் வரை கேட்டிருக்கும்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு
முப்பத்தி நாலாம் கதவில் வரும் கைக்கு
மோதிர விரல் பாதிதான்.
நகத்தில் கறுப்புச் சேறு,
எவ்வளவு தேய்த்தும் போகாத தண்ணீர் நாற்றம்.
பக்கத்துக் கதவுகள் நிறைந்திருந்தாலும்
முப்பத்தி நாலு காலி என்றால் நிற்கும்,
கண்ணாடியைத் தட்டாது,
நான் நிரப்பும்வரை நிற்கும்.

இடைவேளையில் கோபுரத்தடியில் போய் உட்காருவேன்.
உத்ரெக்டில் கோபுரம் ஒரு பக்கம், தேவாலயம் ஒரு பக்கம்.
நடுவிலிருந்த கூடத்தை
முன்னூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு புயல் சரித்தது.
திரும்பக் கட்டவில்லை.
அந்த இல்லாத கூடத்தில்தான்
மாணவர்கள் காகிதக் கூம்பில் உருளை வறுவல் தின்கிறார்கள்.
மயோனைஸ் வழிகிறது.
கடற்காகம் ஒன்று
வரி வசூலிக்க வந்தவர் மாதிரி உலாத்துகிறது.

அன்று பழைய கால்வாய் வழியாகத் திரும்பினேன்.
தட்டைப் படகு, அதன் மேல் பாரந்தூக்கி,
இரும்பு நகங்கள் தண்ணீருக்குள் போய்
சைக்கிள்களை அள்ளிக்கொண்டு வந்தன,
கம்பி கம்பியாய்ப் பாசி ஒழுக.
குழந்தை இருக்கையில் ஒரு குடும்பம் சிப்பிகள்.
கடைசியாக வந்த ஒன்றில்
சக்கரம் இல்லை, சங்கிலி இல்லை,
பூட்டு மட்டும்
கடமை தவறாமல் பூட்டியே இருந்தது.
"மைண்டர்ட், மெல்ல!" என்று யாரோ கத்தினார்கள்.
நெம்புகோலை இழுத்த கையில்
மோதிர விரல் பாதி.
தொப்பியும் மழைக்கோட்டும் மீதியை மறைத்திருந்தன.
கூப்பிடவில்லை நான்.
என்னவென்று கூப்பிட?
"உங்கள் குரோக்கெட் நான்தான்" என்றா?

அடுத்த வியாழன்
முப்பத்தி நாலில் கடுகுப் பொட்டலம் இரண்டு
கூடுதலாக வைத்தேன்.
கை வந்தது. எடுத்தது. நின்றது.
ஒரு பொட்டலத்தைத் திருப்பி வைத்தது.
கடுகு பிடிக்காதோ, ஒன்று போதுமோ,
இன்றுவரை தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து
காலி வீட்டுக்குள் ஒரு சைக்கிள் மணி இருந்தது.
கழுவித் துடைத்தது.
துரு மட்டும் அதன் சொந்தம்.
மேலாளர் பார்க்குமுன் பையில் போட்டுக்கொண்டேன்.

என் சைக்கிளில் மாட்டியிருக்கிறேன்.
அடித்தால் மணிச் சத்தம் வராது,
தொண்டை கட்டியவர் செருமுவது போல்
ஒரு "க்ரக்".
நேற்று படகு பாலத்தடியில் நின்றது.
பாலத்து உச்சியில் ஒருமுறை அடித்தேன்.
கீழே ஒரு தொப்பி அசைந்த மாதிரி இருந்தது.
நிமிர்வதற்குள்
இறக்கம் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.