மூன்றா, எட்டா

யூரியா, பொட்டாஷ், இரண்டு போகத்துக்குப் பூச்சிமருந்து.
பதினேழாயிரத்து நானூறு பாக்கி.
கட்டிமேடு தவமணி அதற்கு ஈடாக
ஒரு லாம்பிரட்டாவைக் கயிறு கட்டி
டிராக்டர் பின்னால் இழுத்துவந்து
கடை வாசலில் விட்டுவிட்டுப் போனார்.
"ஓடும்மா. ஓட வெச்சா ஓடும்."

பேரேட்டில் இதை எந்தப் பக்கம் எழுதுவது?

லெக் ஷீல்டில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே
ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒரு கோடு.
மேலே வெளிறிய நீலம்,
கீழே பக்குப்பக்காய்த் துரு.
புயல் வருஷம் வீட்டுக்குள் நின்ற தண்ணீர்
மூன்றடி என்று அவர் சொல்ல
நிவாரணப் படிவத்தில் எழுதிக்கொடுத்தவள் நான்.
வண்டி சொல்கிறது ஒன்றரை.
யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நாகூர் மீரான் கால்வைக்கும் தகட்டைப்
பெருவிரலால் அழுத்தினார்; விரல் உள்ளே போனது.
"தகடு இல்லக்கா, அப்பளம்."
நல்ல இரும்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போகணும்,
நல்ல இரும்பு எங்கே இருக்கிறதென்று
வெட்டினால்தான் தெரியும் என்றார்.
கிரைண்டர் அலறியது.
சைலன்சர் போல்ட் ஒன்றுக்கு
மூன்று ராத்திரி மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம்.
நாலாம் நாள் அசைந்தது,
அசைந்த கையோடு முறிந்தது.

மேட்டூர் திறந்து பதினாறு நாள்.
முள்ளியாற்றில் நாய் குறுக்கே நடந்து போகிறது.

பேர் மாற்ற வேண்டுமென்றால்
சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து
அச்செடுத்து வரச் சொன்னார்கள்.
தாளை ஒட்டித் தேய்த்தேன்.
ஐந்து இலக்கம் வந்தது.
ஆறாவது
மூன்றா, எட்டா?
ஆர்.சி. புத்தகத்தை விரித்தேன்.
அதே இலக்கத்தில் மை கரைந்து
ஊதா நிறத்தில் ஒரு குளம்.
இரும்பை அரித்ததும் தாளை நனைத்ததும்
பேசி வைத்துக்கொண்டதுபோல்.

தவமணிக்குப் போன் போட்டேன்.
"எட்டுன்னு போடுங்க."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"இல்ல, மூணு. உங்களுக்கு எது தோதோ."

எனக்குத் தோதாக இருபது வருஷத்தில்
ஒரு எண்ணும் எழுதியதில்லை
(அந்த மூன்றடி போக).

உப்புத்தாளை ஈரப்படுத்தித் தேய்த்தேன்.
தேய்க்காவிட்டால் தெரியாது.
ஒரு இழுப்பு கூடினால் எண்ணே இருக்காது.
கைநகம் முழுக்கக் காவி.
துடைத்துவிட்டு முகப்பவுடரை எடுத்துப் பூசி
ஊதினேன், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
பள்ளத்தில் பவுடர் தங்கிய இடம்
வெள்ளையாய் எழுந்து வந்தது:
மூன்று.
எட்டுக்கு வேண்டிய மறுபாதியைத்
துரு தானாகக் கட்டிக்கொடுத்திருந்தது.

அன்று சாயங்காலம் தண்ணீர் வந்தது.
சிமென்ட் தரையைக் கழுவி விட்ட துருத்தண்ணீர்
கடைக்குப் பின்னால் வாய்க்காலில் விழுந்ததும்
எது அது, எது இது என்று தெரியவில்லை.
இரண்டுக்கும் ஒரே நிறம்.

பதினோராவது உதையில் பிடித்தது.
புகை கடைக்குள் போய்
மூட்டைகளுக்கு நடுவே கணக்குக் கேட்பதுபோல் நின்றது.
ஹார்னை அடித்துப் பார்த்துச் சிரித்தார் மீரான்;
தொண்டை கட்டிய தவளை.

கூட்டிப் பார்த்தேன்.
தகடு, வெல்டிங், திருச்சியிலிருந்து வந்த கேபிள், பெயிண்ட்,
மீரானுக்கு டீ.
பாக்கியைவிட நாலாயிரத்துச் சொச்சம் அதிகம்.

மறுநாள் காலை தவமணி வந்தார்.
வண்டியைச் சுற்றி ஒரு நடை,
புது நீலத்தை ஒரு விரலால் தொட்டு
அந்த விரலையே பார்த்துக்கொண்டார்.
பிறகு குறுவைக்கு ஆறு மூட்டை யூரியா
கடனுக்குக் கேட்டார்.

"இந்தத் தடவை எதை இழுத்துட்டு வருவீங்க?"

திரும்பி, ரோட்டோரம் நின்ற டிராக்டரைப் பார்த்தார்.
சிரிக்கவில்லை.
நானும் பார்த்தேன்.
மட்கார்டு விளிம்பில்
இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருந்தது,
கடுகளவு.