அறிக்கைத் தேதிக்குப் பின்

வினா நான்கு, பகுதி ஆ. பதினைந்து மதிப்பெண்.
டிசம்பர் முப்பத்தொன்றில் கணக்கை முடித்தது ஒரு நிறுவனம்.
ஜனவரி ஒன்பதில் புயல் அதன் கிடங்குக் கூரையைப் பெயர்த்தது.
இயக்குநர்கள் இன்னும் கையெழுத்திடவில்லை.
இந்த நட்டம் எந்த ஆண்டைச் சேரும்? காரணம் தருக.

ரெய்க்யாவிக். ஏப்ரல். தேர்வுக்கூடத்தில் ஹீட்டர் முனகுகிறது.
முன்வரிசையில் ஒருவன் அதற்குள் கூடுதல் தாள் கேட்கிறான்.
நான் பேனாவை மூடிவைத்தேன்.
அந்தக் கூரையை எனக்குத் தெரியும்.

பகல் மூன்று மணி நேரம்கூட நீடிக்காத நாள் அது.
குளிர்கிடங்கில் சுழிக்குக் கீழே இருபத்துநான்கு.
பேனா மை உறைந்துபோகும், பென்சிலால் எண்ணு என்று
எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.
போகுமிவ் காதிடுக்கிலிருந்த தன் பென்சிலை நீட்டினான்.
போலந்துக்காரன். பதினோரு வருடமாக இந்த ஃப்யோர்டில்.
அவன் ஃபோர்க்லிஃப்டால் இறக்க இறக்க
நான் கோடு போட்டேன்,
நின்றபடி நான்கு, குறுக்கே ஒன்று.
காட் மீன், இருபது கிலோப் பெட்டி.

சரக்கிருப்பு என்கிறோம்.
நள்ளிரவு பன்னிரண்டுக்கு எது இருந்ததோ அது.
கடல் ஓடிக்கொண்டிருக்கும், மீன் விலை ஓடிக்கொண்டிருக்கும்,
ஐந்தொகை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு
படத்துக்கு நிற்கும்.

பதினேழாம் வரிசையில் மேலிருந்து ஒரு துகள் விழுந்தது
மொத்தம் எழுதும் கட்டத்தின் ஓரத்தில்.
பனி என்று கையுறையால் துடைத்தேன்.
பழுப்பாய் இழுபட்டது.
போகுமிவ் அண்ணாந்து பார்த்தான்.
"போல்ட்" என்றான். "இரண்டு வருடமாய்ச் சொல்கிறேன்."
பிறகு அடுத்த தட்டை இறக்கினான்.

புயல் வந்தது. மேலாளர் தோர்க்னிர்
எங்களுக்கெல்லாம் காப்பி ஊற்றினார், கை நடுங்க.
"கூரை போனது ஜனவரியில். குறிப்பில் ஒரு வரி போதாதா?
போன ஆண்டு லாபத்தில் கைவைத்தால்
வங்கி கடனைத் திருப்பிக் கேட்கும்."
கெட்டவர் இல்லை. இடிந்த சுவருக்குப் பக்கத்தில்
தானே நின்று பனி வாரியவர்.

நிறுவனம் என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள்.
கடன் வாங்கும், வழக்குப் போடும், சொத்து வைத்திருக்கும்.
குளிரில் அதற்கு மூக்கு ஒழுகாது.
அதன் கடனுக்கு அதுவே பொறுப்பு.
நாற்பத்தொரு பேரின் வாடகைக்கு
யார் பொறுப்பு என்று அந்த அத்தியாயத்தில் இல்லை.

தணிக்கையாளர் ஸ்வன்லௌக் கேட்டாள்:
"எண்ணும்போது வேறெதுவும் பார்த்தாயா?"
"பெட்டிகள் சரியாக இருந்தன" என்றேன்.
பெட்டிகள் சரியாகத்தான் இருந்தன.
பிப்ரவரியில் கையெழுத்தானது.
கோப்பில் என் தாளின் நகல் இருக்கிறது, கறுப்பு வெள்ளையில்.
பழுப்பு அதில் சாம்பல் நிறம்,
யார் கை அழுக்கோ என்று தோன்றும்.

பற்று எழுதினால் எதிரே எங்கோ
வரவு எழுதியாக வேண்டும்.
போகுமிவின் பென்சில் இன்னும் என் பையில்.
அதை எந்தப் பக்கம் எழுதுவது?

இருபது நிமிடம் மீதி.
எழுதினேன்: புயல் தேதிக்குப் பின் நிகழ்ந்தது,
அதற்குக் கணக்கைத் திருத்த வேண்டாம், தெரிவித்தால் போதும்.
ஆனால் துரு தேதிக்கு முன்பே இருந்தது.
கூரையின் மதிப்பு அன்றே குறைந்திருந்தது.
துருவுக்கான பங்கை அந்த ஆண்டிலேயே ஏற்க வேண்டும்.
சான்று தேவை.

அடுத்த வரியில்,
சான்று என்னிடம் இருக்கிறது
என்று எழுதிவிட்டேன்.
கண்காணிப்பாளர் என் வரிசைக்குள் திரும்பினார்.
அடித்தேன்.

கணக்கில் பிழையைச் சுரண்டக் கூடாது,
ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும்,
அடியில் இருப்பதைப் படிக்க முடிய வேண்டும்.
முதல் வருடம், முதல் வாரம், முதல் பாடம்.

ஒற்றைக் கோடுதான் போட்டேன்.