பீட்டுக்குள் அடங்காதது

எந்த முகமும் இரண்டு நொடிக்குமேல் நிற்கக்கூடாது.
யார் போட்ட விதியோ.
செந்தூலில், மூன்றாவது மாடியில்,
அதன்படிதான் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் டிரோன். இரட்டைக் கோபுரம்.
எல்லாரும் வைப்பது, நானும் வைத்தேன்.
அடுத்து காடி, மணிக்கு நூற்றைம்பது வெள்ளி வாடகை.
பளபளக்கும் கதவில் சொந்தக்காரர் தெரிந்தார்,
குடையோடு, கீறல் விழுமோ என்ற கவலையோடு.
அவரை அழிக்க ஒரு ராத்திரி பிடித்தது.

சோகத்துக்கு மழை வேண்டும் என்றான் குகனேஷ்.
நாலு மணிக்கு நிஜ மழையே வந்தது;
கேமராவை மூடிக்கொண்டு மாமாக் கடையில் ஒதுங்கினோம்.
மழை விட்டதும்
ரப்பர் குழாயைப் பிடித்துச் சோகத்தைத் தொடங்கினோம்.

பையன் பாடுவான். பெண் திரும்புவாள்.
அவளுக்கு வரி கிடையாது, கூந்தல் மட்டும்,
அதுவும் மெதுவாக.
யுகேஸ்வரி, கெப்போங் பல் கிளினிக்கில் நம்பர் கூப்பிடுகிறவள்,
பதினோரு தடவை திரும்பினாள்.
பன்னிரண்டாவதில்
"கழுத்து பிடிச்சிக்கிச்சு லா" என்று
நேராக லென்ஸைப் பார்த்துச் சிரித்தாள்.

நான்கு நொடி.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒளித்து வைத்தேன்.
"பீட்டைவிட்டு வெளிய நிக்குதுக்கா, எடுத்துடுங்க."
எடுத்தேன். அந்த இடத்தில் புகை வைத்தேன்,
புகை எதற்கும் பொருந்தும்.

விடிகாலை. கோப்பு ஏறிக்கொண்டிருக்கிறது, அறுபது சதவீதம்.
ஒலியை அணைத்து அவளை மட்டும் ஓட்டுகிறேன்.
கீழே நாசி லெமாக் கடை திறந்துவிட்டார்கள்,
ரேடியோவில் ஏதோ பழைய மலாய்ப் பாட்டு.
அதன் தாளத்தில்
அச்சு பிசகாமல் விழுகிறது
அந்தச் சிரிப்பு.