பூட்டியவர் இல்லை

எட்டு பதினொன்றுக்கு
தீவின் கிழக்கே ஒரு பலதுறை மருந்தகத்தில்
வரிசை எண் 0417-இல் நின்றது.
பலகை அணையவில்லை, அதுதான் வினோதம்.
சிவப்பு எண்கள் பளிச்சென்று எரிய
நாற்பது பேர் கையில் சீட்டோடு
கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
யாரும் கத்தவில்லை.
இந்த ஊரில் வரிசையைப் பார்த்து யாரும் கத்துவதில்லை.

தை செங்கில், ஒன்பதாம் மாடியில்,
இரவுப் பணி முடித்துப் பை மாட்டியவள்
பையைத் திரும்ப இறக்கினேன்.
குணாளன் திரையைத் திருப்பிக் காட்டினான்.
கெர்னலின் காவல்நாய் குரைத்திருக்கிறது.
விளையாட்டில்லை, அந்தச் செய்திக்கு அதுதான் பெயர்:
மூன்றாம் செயலி சிக்கியுள்ளது, இருபத்திரண்டு விநாடி.
மூன்றாம் செயலி சிக்கியுள்ளது, நாற்பத்தைந்து விநாடி.
பிறகு ஒன்றாம் செயலி. பிறகு பூஜ்யம்.
பிறகு குரைக்க நாய்க்கும் இடமில்லை.

இயந்திரம் சாகவில்லை.
விசிறி இரைந்தது, பச்சை விளக்கு சிமிட்டியது,
சூடு அறுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பத்தாறு.
உயிரைக் கொடுத்து உழைத்தது,
திறந்தாயிற்றா திறந்தாயிற்றா திறந்தாயிற்றா என்று
விநாடிக்குக் கோடி முறை
ஒரே பூட்டைக் கேட்டபடி.

தாக்கியது யார் என்றார் ஷஹ்ரிசால், தொலைபேசியில்.
யாருமில்லை.
சீட்டு அச்சடிக்கும் சின்ன நிரல் ஒன்று
தாள் தீர்ந்த நேரத்தில்
நீளம் பூஜ்யம் என்று எழுதி ஒரு கோரிக்கை வைத்தது.
சாதாரணப் பயனர். எந்த அதிகாரமும் கிடையாது.
அதிகாரம் தேவைப்படவுமில்லை.

மூலநிரலுக்குள் இறங்கினோம்.
பதினோரு வருடத்துக்கு முன் யாரோ எழுதியது,
கையெழுத்து போலவே சுத்தமான உள்தள்ளல்.
பூட்டு, வேலை பார், திற, வெளியே போ.
நடுவில் ஒரு வரி:
நீளம் பூஜ்யமென்றால் திரும்பிவிடு.
திரும்பிவிட்டது.
திறக்காமல்.

ஒரே வரியில் திருத்தினான் குணாளன்.
சரிபார்த்தேன், கையொப்பமிட்டேன்.
படிவத்துக்குத்தான் அதைவிட நேரமெடுத்தது.
இரகசியத்துக்குப் பாதிப்பு: இல்லை.
தரவின் நேர்மைக்குப் பாதிப்பு: இல்லை.
கிடைத்தலுக்கு: அதிகம்.
மதிப்பெண் ஐந்தரை. நடுத்தரம்.
ஒன்றும் திருடு போகவில்லையே.

ஐம்பத்து மூன்று நிமிடம் எரிந்த 0417
முதலிலேயே மருத்துவரிடம் போய்விட்டவர்.
காத்திருந்தது 0418.
அவருக்குப் படிவத்தில் கட்டமில்லை.

பத்தரை மணி, தோ பாயோ உணவங்காடி.
ஒரு கையில் கோப்பி-ஓ, மறுகையில் பரோட்டாத் தட்டு.
காலி மேசை ஒன்று இருந்தது,
நான்கு நாற்காலி,
நடுவே ஒரு டிஷ்யூ பாக்கெட்
ஓரம் கிழிந்து, காப்புறுதி விளம்பரம் போட்டது.
நின்றேன்.
பக்கத்தில் பேருந்து ஓட்டுநர் ஒருவரும் நின்றார்,
கிண்ணத்தில் மீ சூப், சட்டையில் பெயர் லோகேந்திரன்.
இருபத்திரண்டு வரை எண்ணினேன்.
எதுவும் குரைக்கவில்லை.

துப்புரவுக்காரர் வந்தார்.
டிஷ்யூவைத் தூக்கினார், அடியில் துடைத்தார்,
அதே இடத்தில், அதே கோணத்தில்
திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

கை நீட்டப் பார்த்தேன்.
எனக்கு அந்த உரிமை உண்டா தெரியவில்லை.
கறி வழிந்து பரோட்டா ஊறத் தொடங்கியது.
“யாராச்சும் வருவாங்க” என்றேன், அவரிடம்.
“பத்து நிமிஷம்தான் எனக்கு” என்றார்,
கிண்ணத்தைத் தூணோரத் திட்டில் வைத்து
நின்றபடியே முதல் வாய் சூப்பை ஊதினார்.

நாற்பத்தைந்து.
நாற்பத்தாறு.