பாடு

முப்பத்தொன்பது ரெக்கார்டு நோட்டு.
பழுப்பு அட்டை, பிளாஸ்டிக் உறை,
முதல் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவில் பூக்கொடி சுற்றிய பெயர்கள்.
ஐப்பசிக் கடைசி. மண்டபத்தில் மின்சாரம் போய் இரண்டு மணி நேரம்.
வடகடல் ஜன்னல் வரைக்கும் வந்து இரைகிறது.
செல்போன் வெளிச்சத்தில் திருத்துகிறேன்.

சோதனை எண் ஏழு. கடல்நீரில் குளோரைடு.
முப்பத்தெட்டு நோட்டிலும்
பியூரெட் அளவு இருபது புள்ளி நாலு,
மறுபடி இருபது புள்ளி நாலு,
ஒத்த அளவு இருபது புள்ளி நாலு.
கடலே வரிசையில் நின்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

ஒன்றில் மட்டும் பதினேழு புள்ளி ரெண்டு,
பதினேழு,
பதினேழு புள்ளி ஒண்ணு.
சகாய டெல்பின், தோணித்துறை.

செய்முறையும் தப்பு.
எடுக்கப்பட்டது ஊற்றப்பட்டது குறிக்கப்பட்டது
என்றுதான் முடியவேண்டும்,
அறிக்கையில் ஆள் தெரியக்கூடாது,
செயப்பாட்டு வினை போதும் என்று
ஜூன் மாதமே பலகையில் எழுதிப் போட்டிருந்தேன்.
இவள் எழுதியிருக்கிறாள்:

"வாளியில் இருந்தது போன வாரத் தண்ணீர்.
அதனால் செவ்வாய் காலை ஆறரைக்கு
நானே போய் எடுத்தேன். ராத்திரி முழுக்க மழை.
ஓடை விழும் இடத்திலிருந்து
நாற்பதடி கிழக்கே, முழங்கால் ஆழம்.
மூன்றாம் தடவை செங்கல் நிறம் வந்துவிட்டதா இல்லையா என்று
எனக்கும் ஜரீனாவுக்கும் சண்டை.
அவள் சொன்ன அளவை அடைப்புக்குள் போட்டிருக்கிறேன்."

அடைப்புக்குள்: பதினேழு புள்ளி மூணு.

ஜரீனா நோட்டைத் தேடி எடுத்தேன்.
இருபது புள்ளி நாலு.
அதற்கடியில் வொயிட்னர், காய்ந்து வெடித்திருக்கிறது.
தாளுக்குப் பின்னால் செல்போனைப் பிடித்தேன்.
பதினேழு புள்ளி மூணு
வெள்ளைக்குள் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தது.

இருபது புள்ளி நாலு யாருடையது?
என்னுடையது.
மூன்று வருஷம் முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில்,
மழையே காணாத ஒரு வைகாசியில்
நானே எடுத்து, நானே சொட்டுவிட்டு,
மாதிரி என்று சுவரில் ஒட்டியது.
அன்றைக்கு அது பொய்யில்லை.

கரையில் யாரும் இப்படிச் செய்வதில்லை.
படகு வந்து முட்டும்போது
பாடு எப்படி என்று கேட்பார்கள்.
நேற்று நண்டு அறுபது கிலோ, இன்று ஏழு.
ஏழு என்றுதான் ஏலக்காரர் சீட்டில் எழுதுவார்.
பாடு இல்லை என்றால், இல்லை.
அதுவும் ஒரு கணக்கு.

பட்டது, பட்டது என்று
முப்பத்தெட்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.
பட்டவர் யார் என்று கேட்க
எனக்கு இந்த மழை தேவைப்பட்டிருக்கிறது.

மறுநாள் கேள்வி எதுவும் கேட்கவில்லை.
கையை மட்டும் காட்டச் சொன்னேன்.
சில்வர் நைட்ரேட் பொல்லாதது,
தொட்டவரை வெயிலில் காட்டிக்கொடுக்கும்.
நாலே பேர் விரலில் கறுப்பு.
ஜரீனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்,
மருதாணி சார் என்றாள்.
வகுப்பு சிரித்தது. நானும்தான்.
சிரித்துக்கொண்டே சுவருக்குப் போய்
என் மாதிரித் தாளைக் கிழித்தேன்.
பசை பாதியை விடவில்லை, 'புள்ளி நாலு' இன்னும் அங்கே இருக்கிறது.

பொதுத் தேர்வில் இது செல்லாது, தெரியும்.
வெளியாசிரியர் கையில் ஒரு விடைத்தாள் இருக்கும்,
அதில் பெய்யாத மழைக்கு மதிப்பெண் இருக்கும்.
டெல்பினுக்கு என்ன சொல்வது என்று
இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு
பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.
ஓடை, நாற்பதடி, முழங்கால்.
பதினெட்டு புள்ளி ஆறு.
அவளுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.
மூன்று நாளாக மழை இல்லை, வாடை திரும்பியிருக்கிறது,
என் முழங்கால் அவள் முழங்காலைவிட உயரம்.
எல்லாவற்றையும் எழுதினேன்.
நான் என்று தொடங்கி.

மத்தியானம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது
ஆள்காட்டி விரல் மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது.